10 கே போட்டும் எண்ணவில்லையா? ஸ்லொட் கார் சுற்றுக் கருவியில் எல்டிஆரைச் சரிக்கட்டுவது

தம்பி, உங்கள் ஸ்லொட் கார் (காடிக்குள் ஓடும் மின்சாரப் பொம்மைக் கார்) சுற்றுகளை எண்ணும் கருவியில் போட்ட 10 கே, அதாவது 10 ஆயிரம் ஓம், ரெசிஸ்டரில் பிழை இல்லை. அதை முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 4.7 கே, 22 கே, 47 கே என்று பெட்டிக்குள் கிடந்த எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டுக் களைத்துவிட்டு, "அண்ணே, கடைசியாக எத்தனை ஓம் போட வேண்டும், ஒரே ஒரு இலக்கம் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இலக்கம் ஆரையம்பதியில் இருக்கிற எனக்குத் தெரிய வழியில்லை. அது பாண்டிருப்பில் உங்கள் வீட்டு விறாந்தை வெளிச்சத்துக்குள் இருக்கிறது. அதை எப்படி அளந்து எடுப்பது என்று மட்டும் சொல்கிறேன், ஒரு மல்ட்டிமீட்டரும் அரை மணி நேரமும் போதும்.

வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க, உங்கள் கதை இதுதான். 8 அடிக்கு 4 அடி எம்டிஎஃப் பலகை, ஓடாவியாரைப் பிடித்து ரவுட்டரால் இரண்டு காடி இழுத்து, செப்பு டேப் ஒட்டி, 1:32 அளவுக் கார்கள் ஓட்டுகிறீர்கள். தொடக்கக் கோட்டில் ஒவ்வொரு காடிக்கும் பக்கத்தில் ஒரு துளை, அதற்குள் மேலே பார்த்தபடி ஓர் எல்டிஆர் (வெளிச்சத்துக்கு ஏற்ப ஓம் மாறும் ரெசிஸ்டர்). 5 வோல்டிலிருந்து எல்டிஆருக்கு, அதன் மற்றக் கால் அர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகையின் 2ஆம், 3ஆம் பின்களுக்கு, அங்கிருந்து 10 கே கிரவுண்டுக்கு. விடிய ஒழுங்காக எண்ணுகிறது. மத்தியானம் கார் போனாலும் எண்ணுவதில்லை. இரவு டியூப் லைட்டைப் போட்டால் கார் இல்லாமலே எண்ணுகிறது. விடிய நேரத்தில்கூட வேகமான கார் மூன்று சுற்றில் ஒன்றைக் களவாடிக்கொண்டு போகிறது, ஆனால் கையால் மறைத்தால் ஒவ்வொரு முறையும் சரியாக எண்ணுகிறது.

கொம்புமுறி பார்த்திருப்பீர்கள்தானே, வடசேரியும் தென்சேரியும் இரண்டு பக்கமும் நின்று இழுக்கும். இந்தச் சர்க்கிட்டும் அப்படித்தான். எல்டிஆர் மேலே 5 வோல்ட் பக்கம் இழுக்கிறது, ரெசிஸ்டர் கீழே பூச்சியத்துக்கு இழுக்கிறது, நடுவில் மாட்டியிருக்கிற பின் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத்தான் ஊனோ பார்க்கிறது. வெளிச்சம் பட்டால் எல்டிஆரின் ஓம் குறைந்து பலம் கூடும். நிழல் விழுந்தால் ஓம் ஏறிப் பலம் போய்விடும். ஊனோவுக்கு 3 வோல்டுக்கு மேலே என்றால் நிச்சயமாக ஹை, 1.5 வோல்டுக்குக் கீழே என்றால் நிச்சயமாக லோ. நடுவில் இருக்கிற ஒன்றரை வோல்ட் யாருக்கும் சொந்தமில்லாத நிலம், அங்கே நின்றால் அது என்ன சொல்லும் என்று உத்தரவாதம் இல்லை.

இப்போது உங்கள் மூன்று வேளையையும் அந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். இலக்கங்கள் உதாரணத்துக்குத்தான், உங்களுடையது கொஞ்சம் முன்பின் இருக்கும். விடிய எல்டிஆர் 3 கே என்று வைத்தால் பின்னில் 3.85 வோல்ட், கார் மறைத்து 40 கே ஆனால் 1 வோல்ட். சரி, எண்ணுகிறது. மத்தியானம் விறாந்தைக்குள் வெயில் அடிக்கும்போது எல்டிஆர் 300 ஓமுக்கு இறங்கிவிடும், கார் மேலே நின்றாலும் பக்கவாட்டால் வெளிச்சம் புகுந்து 5 கேக்கு மேலே ஏறவிடாது. அப்போது பின்னில் 3.3 வோல்ட், அதாவது கார் மேலே நிற்கும்போதும் ஹை. ஊனோவைப் பொறுத்தவரை அங்கே கார் வரவே இல்லை. இரவில் டியூப் லைட் தூரத்தில், எல்டிஆர் 12 கே, பின்னில் 2.3 வோல்ட். நடு நிலத்தில் நிற்கிறது, மோட்டார் இரைச்சலோ ஒருவர் குனிகிற நிழலோ போதும், புரண்டுவிடும்.

இதில் இன்னொரு சனியன், மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் சோக் வைத்த பழைய டியூப் லைட் செக்கனுக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. மலிவான எல்ஈடி பல்புகளும் பல அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாது. ஒரு பேனாவை விளக்குக்குக் கீழே வேகமாக விசிறிப் பாருங்கள், பேனா துண்டு துண்டாகப் பல பேனாவாகத் தெரிந்தால் அந்த விளக்கு சென்சர் வேலைக்கு ஆகாது.

ஆகையால் முதல் வேலை ரெசிஸ்டர் தேடுவதில்லை, வெளிச்சத்தைக் கட்டிப்போடுவது. தொடக்கக் கோட்டின் மேலே ஒரு பாலம் கட்டுங்கள், பழைய கேசிங் பட்டியோ ரீப்பைத் துண்டோ எதுவும் சரி, காரின் கூரையிலிருந்து ஒரு சாண் உயரம் இருந்தால் தாராளம். அதன் அடியில் 12 வோல்ட் எல்ஈடி பட்டியில் ஒரு துண்டை ஒட்டுங்கள், பெரும்பாலான பட்டியை மூன்று எல்ஈடிக்கு ஒரு இடத்தில் வெட்டலாம், குறி போட்டிருக்கும். எல்டிஆரைத் துளைக்குள் ஒரு சென்டிமீட்டர் கீழே இறக்கி, சுற்றி ஒரு கறுப்புக் குழாய் விடுங்கள். முடிந்துபோன பேனையின் மூடியை இரண்டு பக்கமும் வெட்டினால் அளவாக இருக்கும், கறுப்பு இல்லை என்றால் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். இப்போது எல்டிஆருக்கு நேர் மேலே இருக்கிற பாலத்து விளக்கு மட்டும்தான் தெரியும். யன்னல் தெரியாது, டியூப் லைட் தெரியாது, வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளின் நிழலும் தெரியாது.

பாலத்து விளக்குக்குத் தனி அடாப்டர் வையுங்கள். ட்ராக்குக்குப் போகிற 12 வோல்டிலேயே கொழுவிவிடலாம் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது, கொழுவினேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ட்ரிகரை இறுக்கியதும் சப்ளை இறங்கி விளக்கு ஒரு கணம் மங்கியது, இரண்டு லேனிலும் கார் கோட்டுக்குப் பக்கத்தில்கூட இல்லாமல் ஆளுக்கொரு சுற்று ஏறிவிட்டது. ரெசிஸ்டரில்தான் பிழை என்று மூன்று நாள் ஓம் கணக்குப் பார்த்தேன். அதற்கு முதல் வருடம் கச்சான் காற்றுக் காலத்தில் யன்னல் சீலை ஆட ஆடச் சுற்று ஏறிய கதை வேறு. அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, என் மனைவி.

வெளிச்சம் நிலையானதும் அளக்கலாம். பவரை நிறுத்துங்கள், எல்டிஆரின் ஒரு காலை பிரெட்போர்டிலிருந்து கழற்றுங்கள் (கழற்றாமல் அளந்தால் மற்றதெல்லாம் சேர்ந்து வந்து பொய் சொல்லும்), பாலத்து விளக்கு மட்டும் எரியட்டும். மல்ட்டிமீட்டரை ஓமில் வைத்து வெறும் ட்ராக்கில் ஒரு இலக்கம், கார் மேலே நிற்கும்போது ஒரு இலக்கம். ஒவ்வொரு காரையும் வைத்துப் பாருங்கள், மறைக்கும்போது ஆகக் குறைவாக ஓம் காட்டுகிற கார் எதுவோ அதன் இலக்கத்தை எடுங்கள். இரண்டாவது லேனுக்கும் இதையே செய்யுங்கள். ஒரே பையிலிருந்து எடுத்த இரண்டு எல்டிஆரும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். 5528 என்று விற்கிற வகைக்கே 10 லக்ஸ் வெளிச்சத்தில் 10 கேயிலிருந்து 20 கே வரை எதுவும் வரலாம் என்று தரவுத்தாளிலேயே போட்டிருக்கிறது. இரட்டிப்பு வித்தியாசம் இருந்தாலும் அது பழுதான சாமான் இல்லை. ஒருவர் நெட்டில் தன்னுடைய இலக்கத்தை எழுதுவதும் அதை இன்னொருவர் பிரதி பண்ணுவதும் சரிவராமல் போவது இதனால்தான்.

இனிக் கணக்கு. வெளிச்சத்தில் 1.2 கே, மறைத்தால் 30 கே என்று வந்தது என்று வைப்போம். இரண்டையும் பெருக்குங்கள், 36. அதன் வர்க்கமூலம் 6. ஆக 6 கே, கடையில் கிடைப்பது 5.6 கே. கூட்டி இரண்டால் பிரித்து 15 கே என்று எடுக்கக் கூடாது, எடுத்தால் கார் நிற்கும்போது பின்னில் 1.7 வோல்ட் நிற்கும், லோவுக்கு இறங்காது. 6 கே போட்டால் வெளிச்சத்தில் 4.2, மறைவில் 0.8, இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி. இந்த இரண்டு ஓமுக்கும் இடையில் குறைந்தது மூன்றரை மடங்கு வித்தியாசம் இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் எந்த ரெசிஸ்டர் போட்டாலும் டிஜிட்டல் பின்னில் சரிவராது. அப்போது ரெசிஸ்டரை விட்டுவிட்டு, விளக்கைக் கிட்ட இறக்குங்கள் அல்லது குழாயை நீட்டுங்கள்.

நிற்கிற காருக்கு இதோடு வேலை முடிந்தது. ஓடுகிற காருக்கு முடியவில்லை. உங்களை உண்மையில் அலைக்கழிப்பதும் இதுதான். கையால் மறைத்தால் எண்ணுகிறது, கார் மறைத்தால் தப்புகிறது என்றீர்களே. கை அரைச் செக்கனாவது அங்கே நிற்கும். 1:32 கார் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் நீளம், செக்கனுக்கு 3 மீட்டர் போனால் துளைக்கு மேல் அது நிற்பது 43 மில்லிசெக்கன். 5 மீட்டர் போனால் 26. எல்டிஆர் ஒரு சோம்பேறி. வெளிச்சம் மாறியதை உணர 5528 வகைக்கு 20, 30 மில்லிசெக்கன் என்று தரவுத்தாள் சொல்கிறது. நிழல் விழுந்து ஓம் ஏறத் தொடங்கி, பாதி வழிகூடப் போகுமுன்னரே கார் தாண்டிவிடும். நீங்கள் அளந்த 30 கே நிற்கிற காரின் இலக்கம், ஓடுகிற கார் அந்த எல்டிஆரை 6 கே, 7 கே வரைக்கும்தான் தள்ளும்.

அதனால் ரெசிஸ்டரை 6 கேயிலிருந்து கீழே இறக்க வேண்டும். 6 கே வைத்திருந்தால் பின் 1.5 வோல்டுக்கு இறங்க எல்டிஆர் 14 கே வரை ஏற வேண்டும், வேகமான கார் அதுவரை காத்திருக்காது. அதே இடத்தில் 2.8 கே வைத்தால் வெறும் ட்ராக்கில் 3.5 வோல்ட் நிற்கும், எல்டிஆர் 6.5 கேயைத் தொட்டாலே லோ. இன்னும் இறக்கலாமே என்று ஆசை வரும், ஆனால் வெறும் ட்ராக்கில் 3.5க்குக் கீழே விட்டால் பழையபடி பேய் எண்ணத் தொடங்கும். 3.5 என் கைக்கணக்கு, புத்தகத்தில் பார்த்தது இல்லை.

இதைச் செய்ய நிரந்தர ரெசிஸ்டரை மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டிருக்காமல் லேனுக்கு ஒரு 10 கே ப்ரீசெட் (திருகி ஓம் மாற்றும் ரெசிஸ்டர்) வாங்குங்கள். அதோடு தொடராக ஒரு 1 கே (பழுப்பு, கறுப்பு, சிவப்பு) கட்டாயம் போடுங்கள். ப்ரீசெட்டைத் தவறுதலாகப் பூச்சியத்துக்குத் திருகிய நேரத்தில் நல்ல வெளிச்சமும் பட்டால் எல்டிஆர் 200 ஓமுக்கு இறங்கி 25 மில்லிஅம்பியர் ஓடும், அது 125 மில்லிவாட். அந்தச் சின்ன எல்டிஆர் தாங்குவது 100தான். இனிப் பவரைப் போட்டு, மல்ட்டிமீட்டரை டிசி வோல்டில் வைத்துப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் குத்தி, வெறும் ட்ராக்கில் 3.5 காட்டும்வரை திருகுங்கள். பிறகு உங்களிடம் உள்ள ஆக வேகமான காரை 20 சுற்று விட்டு வாயால் எண்ணிக்கொண்டு ஒப்பிடுங்கள். தப்பினால் விளக்கைக் கொஞ்சம் கிட்ட இறக்கி மறுபடி 3.5க்கு வையுங்கள், கூடின வெளிச்சத்தில் எல்டிஆருக்கும் கொஞ்சம் சுறுசுறுப்பு வரும்.

எல்லாம் சரியானதும் ப்ரீசெட்டை அப்படியே விட்டுவிடாதீர்கள். கல்முனைக் கடற்கரைக் காற்றில் உப்பு இருக்கிறது, ஆறு மாதத்தில் உங்கள் செப்பு டேப்பே பச்சைக் களிம்பு கட்டும், ப்ரீசெட்டுக்குள் இருக்கிற தொடுகைக்கும் அதே கதிதான். தொட்டும் தொடாமலும் நின்றால் ஓம் குதிக்கும். கழற்றி அளந்து, 1 கேயையும் சேர்த்து என்ன வருகிறதோ அதற்குக் கிட்டிய நிரந்தர ரெசிஸ்டரைப் போட்டுச் சோல்டர் பண்ணிவிடுங்கள். 2.8 வந்தால் 2.7 கே போடலாம். அதைக் கழற்ற மனமில்லை என்றால் திருகாணி மேல் ஒரு சொட்டு நகப்பூச்சாவது விடுங்கள்.

இவ்வளவும் டிஜிட்டல் பின்னோடு மல்லுக்கட்டும் வழி. உங்கள் இடத்தில் நான் இருந்தால் வயர் இரண்டையும் ஏ0, ஏ1 பின்களுக்கு மாற்றிவிடுவேன். அங்கே ஊனோ 0 முதல் 1023 வரை அளந்து சொல்லும், எந்த இடத்தில் கோடு கிழிப்பது என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். 3.5 வோல்ட் என்றால் 716 வரும். 550க்குக் கீழே போனால் கார் வந்துவிட்டது, 650க்கு மேலே ஏறினால் கார் போய்விட்டது என்று இரண்டு கோடு வையுங்கள். ஒரே கோடு வைத்தால் அதன் மேலேயே நின்று தள்ளாடி ஒரு காரை நாலு காராக எண்ணும். 550 என்ற கோட்டைத் தாண்ட எல்டிஆர் 1.2 கேயிலிருந்து 2.4 கே ஆனாலே போதும், அதாவது இரண்டு மடங்கு. டிஜிட்டலில் ஐந்து மடங்குக்கு மேலே தேவைப்பட்டதை நினைத்துப் பாருங்கள். ஒரு தடவை அளக்க 0.1 மில்லிசெக்கன்தான் எடுக்கும், நேரத்துக்குப் பயப்பட வேண்டாம்.

ஊனோவுக்கு எழுதிய புரோகிராமில் மூன்று இடம் பாருங்கள். பின்னுக்கு இன்புட் புல்அப் போட்டிருந்தால் வெறும் இன்புட் ஆக்குங்கள், அது ஊனோவுக்குள் இருந்து கொழுவும் ரெசிஸ்டர் 20 கேயிலிருந்து 50 கே வரை ஏதோ ஒன்று, நம் கணக்குக்குள் களவாகப் புகுந்துவிடும். கார் எண்ணியதும் இரட்டை எண்ணல் வராமல் இருக்க டிலே 500 என்று போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லாரும் போடுவார்கள். அந்த அரைச் செக்கனில் ஊனோ கண்ணை மூடிக்கொண்டிருக்கும், பக்கத்து லேன் கார் அந்த நேரத்தில் போனால் போனதுதான். மூன்றில் ஒன்று தப்புவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். டிலேயை எடுத்துவிட்டு, ஒவ்வொரு லேனுக்கும் கடைசியாக எண்ணிய மில்லிஸ் (ஊனோவின் மில்லிசெக்கன் கடிகாரம்) நேரத்தை வைத்திருந்து, 1000 கடக்கும்வரை அந்த லேனை மட்டும் கவனிக்காமல் விடுங்கள். அப்புறம் கணினிக்குச் சீரியலில் 9600 வேகத்தில் வரி வரியாக எழுதினால் ஓர் எழுத்துக்கு ஒரு மில்லிசெக்கன் போகும், 115200 ஆக்குங்கள்.

மோட்டார் இரைச்சலுக்கு 104 என்று எழுதியிருக்கும் ஒரு சின்னக் கப்பாசிட்டரைப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே, ஊனோவுக்குப் பக்கத்தில் போடுங்கள். சென்சர் வயரை ட்ராக் பவர் வயரோடு சேர்த்துக் கட்ட வேண்டாம்.

இனி, இவ்வளவும் செய்தும் உங்கள் மச்சான்மார் ஆயிரத்தில் ஒரு செக்கனுக்குச் சண்டை பிடிக்கப்போகிறார்கள் என்றால் எல்டிஆரையே தூக்கிப் போட்டுவிட்டு போட்டோ ட்ரான்சிஸ்டருக்கு (ஒளியை உணரும் ட்ரான்சிஸ்டர்) போங்கள். அது மைக்ரோ செக்கனில் வேலை செய்கிற ஆள். வாங்கத் தேவையில்லை, பந்து வைத்த பழைய கணினி மவுஸ் ஒன்றைப் பிரித்தால் உள்ளே இன்ஃப்ராரெட் எல்ஈடியும் அதைப் பார்க்கிற சென்சரும் இரண்டு சோடி இருக்கும். எல்ஈடியைப் பாலத்தில் 5 வோல்டில் 220 ஓமோடு வையுங்கள், எரிகிறதா என்று போன் கமராவால் பார்த்தால் ஊதாவாகத் தெரியும். சென்சருக்கு 10 கேயில் தொடங்கி, வெறும் ட்ராக்கில் வோல்ட் ஏறவில்லை என்றால் 22, 47 என்று கூட்டுங்கள். ரெசிஸ்டர் கூடக் கூட உணர்திறன் ஏறும், வேகம் இறங்கும், ஆனால் இந்த அளவில் அந்த இறக்கம் உங்களுக்குத் தெரியாது. வெயில் மட்டும் படக் கூடாது, வெயிலுக்குள் இன்ஃப்ராரெட் குவிந்து கிடக்கிறது, மத்தியான விறாந்தையில் இது எல்டிஆரை விட மோசமாகக் குருடாகும். டீவி ரிமோட்டுக்கு வைக்கும் மூன்று கால் ரிசீவரைப் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று என்னிடம் கொண்டுவந்தவர்கள் உண்டு. அது 38 கிலோஹேர்ட்ஸில் துடிக்கிற ஒளியைத்தான் மதிக்கும், விடாமல் எரிகிற எல்ஈடியைக் கண்டுகொள்ளாது.

கடைசியாக, எஃப் ஒன் கார் மட்டும் இரண்டாக எண்ணுகிறது என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். முன் இறக்கை மறைக்கும், பிறகு ஒல்லியான மூக்குக்கும் சில்லுக்கும் இடையால் வெளிச்சம் விழும், பிறகு உடம்பு மறைக்கும். துளை காடியிலிருந்து தள்ளி இருப்பதால் வருகிற வினை. காடியை ஒட்டினாற்போல், செப்பு டேப்பில் படாமல் புதுத் துளை போட்டால் மூக்கே மறைத்துவிடும். பலகையை மறுபடி துளைக்க மனம் வராவிட்டால், மேலே சொன்ன 1000 மில்லிசெக்கன் பூட்டு அந்த இரண்டாவது எண்ணலை விழுங்கிவிடும். உங்கள் பலகையில் அந்த நேரத்துக்குள் எந்தக் காரும் ஒரு சுற்று முடிக்காது.